ஈசிஆரில் கடல் பார்த்த ஃபிளாட் வாடகைக்கு: உப்புக்காற்று, அட்வான்ஸ், வரிப்பிடித்தம் – கையெழுத்துக்கு முன் எதையெல்லாம் பார்க்கணும்?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கு மாறும் ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் நீலாங்கரையில் கடலைப் பார்த்த 3 பிஹெச்கே, நாலாவது மாடி, 2,200 சதுர அடி. இத்தாலியன் மார்பிள் தரை, நாலு ஏசி, முழு ஃபர்னிச்சர். வாடகை மாதம் 1 லட்சம், மெயின்டனன்ஸ் தனி, அட்வான்ஸ் 10 மாதம். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், அவரிடம் பவர் (அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) வாங்கிய தம்பிதான் பேசுகிறார். தங்கப்போவது வேலைக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். வாடகை கட்டப்போவது ஊரில் கிரானைட் தொழில் செய்யும் அப்பா. தொகை அவர்களுக்கு ஒத்து வருகிறது. தொகையைத் தவிர வேறு என்ன பார்க்கணும்? விவரம் தெரிந்தவர்கள் விலாவாரியாகச் சொல்லுங்கள்.

தொப்பூர் கணவாய்

வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி கட்டிடத்தைப் பாருங்க. கடலோரத்துல கான்கிரீட்டுக்கு உப்புதான் எதிரி. காத்துல வர்ற குளோரைடு கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்கி கம்பியைத் தொட்டதும் துரு ஆரம்பிக்குது. துரு, அது தின்ன இரும்பை விட ரெண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரைக்கும் இடம் கேக்கும். அதனால கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து உதிருது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 இதுக்காகவே கடலோரச் சூழலைத் தனி வகையா வெச்சு, கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடற கான்கிரீட் கனம்), குறைஞ்சது எம்30 தரக் கான்கிரீட் கேக்குது. கடல் சாரல் நேரா படற இடம்னா 50 மில்லிமீட்டர், எம்35. தருமபுரியில சாதாரண வீட்டுக்கு எம்20 போட்டுப் பழகின கண்ணோட அங்க போய்ப் பார்த்தா ஒண்ணும் தெரியாது.

கீழ பார்க்கிங்ல நின்னு உத்தரத்தோட அடிப்பக்கம் பாருங்க. அப்புறம் உங்க பால்கனியில நின்னு மேல் வீட்டு பால்கனியோட அடியை அண்ணாந்து பாருங்க. கம்பி ஓடற கோட்டிலேயே பழுப்புக் கறையோ, மயிரிழை வெடிப்போ இருந்தா உள்ள துரு பிடிச்சாச்சு. சாவியால தட்டினா 'டொப்பு டொப்பு'ன்னு பொள்ளல் சத்தம் வரும். ஒரு பட்டை மட்டும் புதுசா பூசி பெயின்ட் அடிச்சிருந்தா, ஏன்னு கேக்காம நகராதீங்க. வாடகைக்கு வர்றவருக்குக் கட்டிடத்தோட ஆயுசு எதுக்குன்னு தோணலாம். ரிப்பேர்னு அசோசியேஷன் முடிவு பண்ணா சாரம் கட்டி, வலை போட்டு, மாசக்கணக்கா கடல் பக்கத்து பால்கனியை மூடிடுவாங்க. அந்த பால்கனிக்குத்தான் நீங்க லட்சம் கொடுக்கறீங்க.

கைப்பிடிக் கம்பியையும் கவனிங்க. 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நம்ம ஊர்ல பளபளன்னு இருக்கும், கடல் முன்னாடி டீக்கறை மாதிரி புள்ளி வைக்கும். 316-ல மாலிப்டினம் 2-லிருந்து 3 சதவீதம் இருக்கறதால தாங்கும். கண்ணாடி கைப்பிடின்னா அதைப் பிடிச்சிருக்கற கிளாம்ப்பும் போல்ட்டும் எந்த தரம்னு கேளுங்க, அது உயிர் சம்பந்தப்பட்டது.

ஜன்னலுக்கு ஒரு சுலபமான சோதனை. ஸ்லைடிங் கதவோட கீழ்த் தடத்துல ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. சில நொடியில வெளிப்பக்கத் துளை வழியா வடியணும். மணலடைச்சு தேங்கி நின்னா, வடகிழக்குப் பருவமழையில காத்தோட அடிக்கற மழை ஹாலுக்குள்ளதான் வரும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் காத்தும் மழையும் அந்தக் கிழக்கு முகத்தைத்தான் அடிக்கும்.

மத்திகிரி ஏசி

நாலு ஏசி இருக்குன்னு எழுதிட்டாங்க, சரி. அவுட்டோர் யூனிட் எங்க மாட்டியிருக்கு? அதுதான் முதல் கேள்வி. கடலைப் பார்த்த சுவர்ல மாட்டியிருந்தா அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியா உதிரும், காயில் வளைவுல ஊசித் துளை விழுந்து கேஸ் இறங்கும், போர்டுல பச்சை பூக்கும். கட்டிடத்துக்குப் பின்பக்கமோ டக்ட்டுக்குள்ளயோ இருந்தா ஆயுசு கூடும். அலுமினியக் காயிலை விட காப்பர் காயில் நல்லது, அதுவும் ஃபின்னுக்கு (காயில் மேல இருக்கற மெல்லிய தகடு) நீலமோ பொன்னிறமோ கோட்டிங் இருக்கணும். கோட்டிங் இருந்தாலும் உப்பு படிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். மாசம் ஒரு தடவை மெயினை ஆஃப் பண்ணிட்டு, அழுத்தம் இல்லாத நல்ல தண்ணியில காயிலைக் கழுவி விடணும். பிரஷர் பம்ப் வெச்சு அடிச்சா ஃபின் மடங்கிப்போகும். அங்க போர் தண்ணியே உப்பா இருந்தா அதுல கழுவறதும் கெடுதல்.

பார்க்கப் போகும்போது நாலையும் ஒரே நேரத்துல 30 நிமிஷம் ஓடவிடுங்க. மேல இழுக்கற காத்துக்கும் கீழ விடற காத்துக்கும் 8-லிருந்து 12 டிகிரி வித்தியாசம் வரணும். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். 4, 5 டிகிரிதான் வருதுன்னா கேஸ் குறைவு, இல்லைன்னா காயில் அடைப்பு. வாரன்டி இருக்குன்னு காட்டுவாங்க, அதுல கடலோரத் துரு சேராதுன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரியை ஓனர் முன்னாடியே படிங்க. ஒப்பந்தத்துல 'ஏசி சர்வீஸ் வாடகைதாரர், காயில் – கம்ப்ரசர் – போர்டு மாத்தறது ஓனர்'னு பிரிச்சு எழுதணும். 'ஏசி பராமரிப்பு வாடகைதாரர் பொறுப்பு'ன்னு ஒரே வரியில விட்டா காயில் செலவு உங்க தலையில விழும்.

கரண்ட் பில் பத்தியும் சொல்லிடறேன். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், இங்க ஏசி வருஷத்துல கொஞ்ச நாள்தான். அங்க மூணு ரூம்ல ராத்திரி 8 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 1,200 யூனிட் சாதாரணமா வரும். 2024 ஜூலைக் கட்டணப்படி கணக்கு: முதல் 100 இலவசம், 400 வரைக்கும் 4.80, 500 வரைக்கும் 6.45, 600 வரைக்கும் 8.55, 800 வரைக்கும் 9.65, 1,000 வரைக்கும் 10.70, அதுக்கு மேல 11.80. கூட்டினா 9,370 ரூபாய். ரெண்டு மாசத்துல 500 யூனிட்டுக்குள்ள நிறுத்தறவங்களுக்கு 101-வது யூனிட்ல இருந்தே விலை குறைவு. அந்தச் சலுகை இந்த வீட்டுல எதிர்பார்க்காதீங்க. ஜெனரேட்டர் கரண்ட் தனி மீட்டர், தனி ரேட், ஈபி யூனிட்டை விட ரொம்ப கூட. அந்த ரேட்டை அசோசியேஷன் ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

பென்னாகரத்தான்

கடலைப் பார்த்த முதல் வரிசையே வேண்டாம்ங்கிறது என் கருத்து. ரெண்டாவது மூணாவது வரிசை, அதாவது கடலுக்கும் ஈசிஆருக்கும் நடுவுல இருக்கற குறுக்குத்தெருவுல பாருங்க. முன்னாடி ஒரு கட்டிடம் மறைச்சாலே உப்பு பாதி அடங்கிடும், காத்து அப்படியே வரும், வாடகையும் இறங்கும்.

தொப்பூர் கணவாய்

உப்புப் படிவு கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டர்லயே வேகமா குறையுதுங்கறது சரிதான். ஆனா நாலாவது மாடி முன் கட்டிடத்தை விட உயரமா இருந்தா மறைப்பு வேலை செய்யாது. முன் கட்டிடம் எத்தனை மாடின்னு எண்ணிட்டு முடிவு பண்ணுங்க.

காத்து விஷயமும் ஒண்ணு. சென்னையில மே மாசம் காலையில அடிக்கறது மேற்கிலிருந்து வர்ற அனல்காத்து. கடல்காத்து முற்பகல் கழிஞ்சோ மதியமோதான் உள்ள நுழையும். கிழக்கு மட்டும் திறந்த வீடு 11 மணிக்கு அடுப்படி மாதிரி இருக்கும். வீட்டை ரெண்டு வேளை பாருங்க: முற்பகல் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. புரோக்கர் எப்பவும் சாயங்காலம்தான் கூட்டிட்டுப் போவார்.

சின்னாற்றுத் தண்ணி

தருமபுரியில தண்ணின்னா ஃபுளோரைடு பயம், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தப்புறம்தான் ஆறுதல். அங்க பிரச்சினை வேற. கடலோர நிலத்தடி நீரை இழுக்க இழுக்க உப்புநீர் உள்ள ஏறுது. நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்துல 2013-ல நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024-ல கூடுதலா 15 கோடி லிட்டர்னு வந்திருந்தாலும், ஒவ்வொரு கட்டிடத்துக்கும் என்ன வருதுங்கறது தனிக்கதை. மூணு தண்ணி கலந்து வர்ற கட்டிடம்தான் அதிகம்: மெட்ரோ வாட்டர், லாரி, போர். எந்த மாசம் எது எவ்வளவுன்னு சம்ப் பார்த்துக்கற ஆளைக் கேளுங்க. ஆபீஸ்ல சொல்றதை விட அவர் சொல்றது சரியா இருக்கும்.

தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கற டீடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. சமையலறை குழாய், பாத்ரூம் ஷவர், ஃபிளஷ் தொட்டி மூணுலயும் வெச்சுப் பாருங்க. குடிநீர்த் தரவிதி ஐஎஸ் 10500 படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியில்லைன்னா 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாம். குளோரைடு 250, அதிகபட்சம் 1,000. கடினத்தன்மை 200, அதிகபட்சம் 600. ஷவர்ல 1,500 தாண்டுதுன்னா கீசர் காயில், ஷவர் கண்ணாடி, வாஷிங் மெஷின் எல்லாத்துலயும் படிமம் கட்டும்.

சாஃப்ட்னர் (தண்ணியோட கடினத்தன்மையைக் குறைக்கற கருவி) இருக்குன்னு சொல்லுவாங்க. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தைக் கொடுக்குது, மொத்த உப்பைக் குறைக்காது. அதனால குழாயில டீடிஎஸ் அப்படியேதான் காட்டும், அதை வெச்சு சாஃப்ட்னர் ஓடலைன்னு முடிவு கட்டாதீங்க. சோப்பு நுரைக்குதான்னு பாருங்க. கடைசியா ரீஜெனரேஷன் (உப்புத் தண்ணி விட்டுப் புதுப்பிக்கறது) எப்போ, உப்பு மூட்டை ஸ்டாக் இருக்கான்னு பாருங்க. கீசர்ல மெக்னீசியம் ராடு மாத்தின தேதியும் கேளுங்க. ராடு கரைஞ்சு தீர்ந்துபோனா அடுத்தது டேங்க்தான் அரிக்கும்.

ஜெகதேவிக் கல்

பாரடைசோ கிரானைட்டும் கறுப்புக் கல்லும் வெட்டற ஊர்க்காரங்களுக்குத் தரை பத்தி சொல்லணுமான்னு நினைக்க வேண்டாம். இத்தாலியன் மார்பிள் நம்ம கல் இல்ல. கிரானைட் அமிலத்துக்கு அசையாது. மார்பிள் கால்சியம் கார்பனேட், எலுமிச்சை, புளி, தக்காளி, பாத்ரூம் ஆசிட் எது பட்டாலும் பொங்கி பாலிஷ் போயிடும். அது கறை இல்ல, அரிப்பு, துடைச்சா போகாது. சரி பண்ண வைரத் தகடு போட்டு மறுபடி பாலிஷ் அடிக்கணும். சதுர அடிக் கணக்குல கேப்பாங்க, ஒரு இடத்துல மட்டும் அடிச்சா திட்டாத் தெரியும்னு ஹால் முழுக்கவே கணக்குப் போடுவாங்க. அட்வான்ஸ்ல பெரிய கழிவு வர்ற இடம் இதுதான்.

சாவி வாங்கற நாள்ல லைட்டெல்லாம் அணைச்சுட்டு போன் டார்ச்சைத் தரையோட ஒட்டி சாய்வாப் பிடிச்சு வீடியோ எடுங்க. மேல இருந்து பார்த்தா தெரியாத மங்கின வளையமெல்லாம் அப்போ தெரியும், முக்கியமா டைனிங் டேபிள் அடியிலயும் வாஷ்பேசின் முன்னாடியும். மஞ்சள் பூத்த கல் இருந்தா அதையும் எடுங்க. உள்ள இருக்கற இரும்புச்சத்தும் ஈரமும் சேர்ந்து வர்றது அது, நீங்க பண்ணதுன்னு அப்புறம் சொல்லக் கூடாது. வீடியோவை அன்னைக்கே ஓனருக்கும் பவர் ஏஜென்டுக்கும் அனுப்பிடுங்க. வேலைக்கு வர்ற அம்மாகிட்ட ஆசிட், வினிகர், எலுமிச்சை கலந்த லிக்விட் எதுவும் தரைக்கு வேண்டாம், காரமோ புளிப்போ இல்லாத நியூட்ரல் லிக்விட் மட்டும்னு முதல் நாளே சொல்லிடணும்.

முழு ஃபர்னிச்சர் வீட்டுக்கு இன்னொண்ணு. கட்டில், அலமாரியோட பின்பலகை பார்ட்டிக்கிள் போர்டான்னு பாருங்க. உப்பு ஈரத்துல கீழ் ஓரம் உப்பி இருக்கும். அலமாரியைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடிச்சா பின் சுவர்ல ஓதம். மெத்தை, லெதர் சோபா ரெண்டையும் எடுத்துடச் சொல்லி வாடகையில குறைச்சுப் பேசறது நல்லது.

அரூர் கணக்கர்

இழையில் யாரும் இன்னும் தொடாத விஷயம் வரி. அதுவும் இந்த வீட்டில் ஓனர் வெளிநாட்டுவாசி. இங்கேதான் பலரும் சிக்குகிறார்கள்.

ஓனர் உள்நாட்டில் இருந்தால், மாத வாடகை 50,000-க்கு மேல் கட்டும் தனிநபர் 2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும் (2024 அக்டோபர் 1-க்கு முன் அது 5 சதவீதமாக இருந்தது). வருடத்துக்கு ஒரு முறை, மார்ச் மாதத்திலோ காலி செய்யும் மாதத்திலோ பிடித்தால் போதும். டேன் எண் (வரி பிடிப்பவருக்கான தனிப் பதிவு எண்) தேவையில்லை, பான் போதும். ஆனால் முந்தைய வருடம் தொழில் விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டிய தனிநபருக்கு இந்த 2 சதவீதம் பொருந்தாது. அவர் 10 சதவீதம் பிடிக்க வேண்டும், டேன் எண்ணும் வேண்டும். கிரானைட் தொழிலில் 1 கோடி என்பது பெரிய விற்றுமுதல் இல்லை. சொந்தக் குடியிருப்புக்குத்தானே என்ற சமாதானம் செல்லாது.

இந்த இரண்டுமே உள்நாட்டு ஓனருக்கு. வெளிநாட்டுவாசி என்றால் பழைய வருமான வரிச் சட்டத்தின் 195-வது பிரிவு: 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். குறைந்தபட்ச வரம்பே கிடையாது, முதல் ரூபாயிலிருந்து பிடிக்க வேண்டும். 1 லட்சத்தில் மாதம் 31,200 பிடித்து அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை. டேன் எண் எடுத்து, காலாண்டுக்கு ஒரு முறை கணக்குத் தாக்கல். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். பிடிக்காமல் விட்டால் அந்தத் தொகையும் வட்டியும் வாடகைதாரர் மேல்தான் வரும், ஓனர் மேல் இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பது 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், பிரிவு எண்ணையும் படிவத்தையும் தாக்கல் செய்யும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓனர் வருமான வரித்துறையில் விண்ணப்பித்துக் குறைந்த விகிதச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் அந்த விகிதத்தில் பிடிக்கலாம். அது அவர் வேலை. சான்றிதழ் கைக்கு வரும்வரை 31.2 தான்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

தம்பியின் கணக்குக்கே வாடகை போட்டுவிடச் சொல்கிறார்கள், தம்பியின் பான் எண்ணும் தருவதாகச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் உள்நாட்டு விகிதம் ஆகாதா?

அரூர் கணக்கர்

ஆகாது. வீடு யார் பெயரில் இருக்கிறதோ வருமானம் அவருடையது. பவர் வாங்கியவர் கையாள மட்டும்தான். தம்பியின் கணக்கில் போட்டாலும் 31.2 சதவீதப் பொறுப்பு போகாது. ஓனரின் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டுவாசியின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) நேரடியாகப் போடுங்கள், அவருடைய பான் எண்ணையே வாங்குங்கள்.

வாடகைதாரர் யார் பெயர் என்பதையும் யோசியுங்கள். அப்பா பெயரில் ஒப்பந்தம் போட்டு அவரே கட்டினால் பிள்ளைகள் வீட்டு வாடகைப்படி விலக்குக் கேட்க முடியாது. பழைய வரிமுறையில் இருக்கும் பிள்ளை பெயரில் போட்டு, அவர் கணக்கிலிருந்தே கட்டினால் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தின் 50 சதவீதம் வரை கணக்கில் வரும். இரண்டு பேர் பெயரிலும் போட்டால் இருவருக்கும் தனித்தனி டேன், தனித்தனித் தாக்கல். ஒருவர் பெயர் போதும். கம்பெனி பெயரில் மட்டும் போடாதீர்கள்: ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் குடியிருப்பு வாடகைக்கு எடுத்தால் 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம் அந்த நிறுவனமே கட்ட வேண்டும். தனி உரிமையாளர் தன் சொந்தக் குடியிருப்புக்குத் தன் பெயரில் எடுத்தால் அது இல்லை.

ராயக்கோட்டை பத்திரம்

அட்வான்ஸ் பத்தி. 2017-ஆம் வருஷ தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ல இருந்து நடப்புல இருக்கு. வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. 'வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல'ங்கற வார்த்தைதான் முக்கியம். நீங்களே 10 மாசம்னு கையெழுத்துப் போட்டா அது செல்லும். ஓசூர்க்காரங்க பெங்களூர்ப் பழக்கத்துல 10 மாசம்னா சரின்னு தலையாட்டிடறாங்க. 3 லட்சத்துல ஆரம்பிச்சுப் பேசுங்க. காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள அட்வான்ஸ் திரும்பி வரணும்ங்கறதும் அதே சட்டம்தான்.

11 மாச ஒப்பந்தம் போட்டா எதையும் பதிய வேண்டாம்னு புரோக்கர் சொல்லுவார். சார்பதிவாளர்கிட்ட பதியறது ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகைக்குத்தான், உண்மை. ஆனா வாடகை அதிகாரிகிட்ட பதியறது வேற விஷயம், அது எத்தனை மாசமானாலும் வேணும். அரசோட வாடகைப் பதிவு இணையதளத்துல ஒப்பந்தம், ரெண்டு பேரோட அடையாள ஆவணம் ஏத்தினா பதிவு எண் வரும். அந்த எண் இருந்தாதான் நாளைக்குத் தகராறுன்னு வந்தா அந்த அதிகாரி முன்னாடி நிக்க முடியும். தண்ணி, கரண்டை ஓனர் நிறுத்தக் கூடாது, 24 மணி நேரம் முன்னாடி சொல்லாம உள்ள வரக் கூடாதுங்கறதெல்லாம் அந்தச் சட்டத்துல இருக்கு.

ரிப்பேர் யாருதுன்னும் சட்டத்தோட அட்டவணையில இருக்கு. கட்டிடப் பழுது, சுவர் வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் மாத்தறது, வயரிங் – ஓனர். குழாய் வாஷர், கீசர் ரிப்பேர், சுவிட்ச், பூட்டு, கண்ணாடி – வாடகைதாரர். இதுவும் ஒப்பந்தத்துல மாத்தி எழுதலைன்னா மட்டும்தான். 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்குக் கழிக்கப்படும்'னு ஒரு வரி நைசா இருக்கும், தேடிப் பாருங்க.

பவர் பத்திரத்தோட அசலைக் கேளுங்க. வெளிநாட்டுல எழுதின பவர்னா இந்தியாவுக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள இங்க முத்திரைத் தீர்வை கட்டியிருக்கணும். வாடகைக்கு விட, அட்வான்ஸ் வாங்க அதிகாரம் கொடுத்திருக்கான்னு அந்த வரியைப் படிங்க. வில்லங்கச் சான்று போட்டு பேங்க் அடமானம் இருக்கான்னும் பாருங்க. வாடகையைக் குறைச்சுக்கிட்டு மொத்தமா பெரிய தொகை போக்கியம் மாதிரி கேட்டா, அடமானத்துல இருக்கற வீட்டுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. பேங்க் கைப்பற்றினா வீடு போகும், பணத்துக்கு ஓனர் பின்னாடி அலையணும்.

பென்னாகரத்தான்

'பிரைவேட் பீச்'னு விளம்பரத்துல போட்டிருந்தா அதுக்கு ஒரு ரூபா கூட சேர்த்துக் கொடுக்காதீங்க. அலை வந்து போற கரை பொது இடம், பக்கத்துல மீனவர் குப்பங்கள் இருக்கு, படகும் வலையும் அங்கதான் இருக்கும். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் ராத்திரி கடல் பக்க பால்கனி விளக்கை அணைச்சு வைங்க. பங்குனி ஆமை முட்டையிட வர்ற கரை அது, குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்து ரோட்டுப் பக்கம் திரும்பிடும்.

தொப்பூர் கணவாய்

மழைக்கு ரெண்டு விஷயம். ஜெனரேட்டரும் மின்பெட்டியும் பேஸ்மென்ட்ல இருக்கா, தரையை விட உயர மேடையில இருக்கா? 2015 டிசம்பர்லயும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்லயும் சென்னையில கீழ்த்தளத்துல தண்ணி ஏறின கட்டிடங்கள்ல லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் ஒண்ணா நின்னுச்சு. சம்ப் மூடி தரை மட்டத்துல இருந்தா தெருத்தண்ணி குடிதண்ணியில கலக்கும், மேட்டுக்கு எழுப்பியிருக்கணும். அடுக்கு பார்க்கிங்னா உங்க வண்டியோட உயரத்தை அளந்து பாருங்க, பெரிய எஸ்யூவி மேல்தட்டுல ஏறாத இடம் நிறைய.

மெயின்டனன்ஸ் எந்தப் பரப்புக்குன்னும் கேளுங்க. 2,200-ங்கறது பொது இடமெல்லாம் சேர்த்த கணக்கு, உள்ள நடக்கற இடம் அதைவிட நல்லாவே கம்மி. சதுர அடிக்கு 6 ரூபான்னா 13,200. மாசம் 7,500-ஐத் தாண்டறதால ஜிஎஸ்டி சேருமான்னும் கேளுங்க. நீச்சல்குளம், ஜிம்முக்கு வாடகைதாரருக்குத் தனிக் கட்டணம் வாங்கற அசோசியேஷனும் இருக்கு.

மத்திகிரி ஏசி

சாமான் ஏத்தும்போது: கிருஷ்ணகிரியில இருந்து வேலூர், ஸ்ரீபெரும்புதூர் வழியா 250 கிலோமீட்டருக்கு மேல. ஊருக்குள்ள நுழையாம ஒரகடம், வண்டலூர், கேளம்பாக்கம் போய் ஓஎம்ஆர்ல ஏறி, சோழிங்கநல்லூர்ல திரும்பினா அக்கரையில ஈசிஆர் வந்துடும். சர்வீஸ் லிஃப்ட் எந்த நேரத்துக்குக் கொடுப்பாங்க, ஞாயித்துக்கிழமை விடுவாங்களான்னு முன்கூட்டியே எழுதி வாங்குங்க. சனி, ஞாயிறு சாயங்காலம் ஈசிஆர்ல லாரியை விட்டா நகராது. இரும்பு பீரோவைக் கொண்டு போகாதீங்க, அடிப்பக்கம் சீக்கிரமே துரு ஏறும்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

எல்லோருக்கும் நன்றி. பேச வேண்டிய வரிகளை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

அட்வான்ஸ் 3 லட்சம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். பெயின்டிங் கழிவு கிடையாது. சாதாரணத் தேய்மானத்துக்குக் கழிவு கிடையாது. ஏசி சர்வீஸ் வாடகைதாரர். காயில், கம்ப்ரசர், போர்டு ஓனர். வாடகை, வரி நீங்கலாக, மாதம் 1 லட்சம், ஓனரின் என்ஆர்ஓ கணக்கில்.

ராயக்கோட்டை பத்திரம்

'சாதாரணத் தேய்மானம்'னு மட்டும் விட்டா கடலோரத்துல சண்டை வரும். இப்படி எழுதுங்க: "உப்புக்காற்றால் கைப்பிடி, கீல், தாழ்ப்பாள், ஜன்னல் உருளை, குழாய், மின்சாதனங்களில் ஏற்படும் துருவும் நிறமாற்றமும் சாதாரணத் தேய்மானமாகவே கொள்ளப்படும்." தரைக்கு: "ஒப்படைப்பு நாள் வீடியோவில் உள்ள குறைகளுக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல." சாவி வாங்கற நாள்ல ஈபி மீட்டர், ஜெனரேட்டர் மீட்டர், கேஸ் மீட்டர் மூணோட எண்ணையும் பின்னிணைப்புல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.

அரூர் கணக்கர்

கடைசி வரியை உடனே மாற்றுங்கள். 'வரி நீங்கலாக 1 லட்சம்' என்றால் ஓனர் கையில் முழுதாக 1 லட்சம் சேர வேண்டும் என்று பொருள். அப்போது 1,00,000-ஐ 0.688-ஆல் வகுத்து வாடகையை உயர்த்திக் காட்ட வேண்டும்: 1,45,349 வாடகை, அதில் 45,349 வரி, அதுவும் உங்கள் கையிலிருந்து. வருடத்துக்கு 5 லட்சத்து 44 ஆயிரத்துக்கு மேல் கூடுதல். இப்படி இருக்கட்டும்: "மாத வாடகை மொத்தம் 1,00,000. சட்டப்படி பிடிக்க வேண்டிய வருமான வரியை இதிலிருந்தே கழித்து, மீதியை வாடகைதாரர் ஓனரின் என்ஆர்ஓ கணக்கில் செலுத்துவார். கழித்த வரிக்கான சான்றிதழைக் காலாண்டுதோறும் வழங்குவார்." இந்த வரியை ஓனரிடமே நேரடியாக, மின்னஞ்சலில், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒப்புக்கொள்ள வையுங்கள்.